மின்முலாம் தொழிற்கூடக் கழிவுநீரில் நிக்கல் நீக்கம்: உலோகத்தின் வேதிநிலையும் வேதிப்பொருள் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

மின்முலாம் பூசும் தொழிற்கூடங்களின் கழிவுநீரில் உள்ள நிக்கலை நீக்கச் சுண்ணாம்பு, சோடியம் ஹைட்ராக்சைடு, சல்பைடுகள், டைதயோகார்பமேட்டுகள், ஆக்சிஜனேற்றிகள் எனப் பல வேதிப்பொருள்கள் பயன்படுத்தப்படுகின்றன. சுத்திகரிக்கப்பட்ட நீரில் நிக்கல் அளவு வரம்பை மீறும்போது வேதிப்பொருளின் அளவைக் கூட்டுவதே பெரும்பாலும் முதல் நடவடிக்கையாக உள்ளது. ஆனால் வரம்பு மீறலுக்குக் காரங்கள் ஒன்றல்ல, மூன்று உண்டு: பிஎச் மதிப்பு போதாமை, நுண்துகள்கள் படியாமை, நிக்கல் அணைவுச் சேர்மமாகப் பிணைந்திருத்தல். இம்மூன்றுக்கும் தீர்வுகள் வெவ்வேறானவை. நிக்கலின் மொத்த அளவைக் காட்டிலும் அது நீரில் இருக்கும் வேதிநிலையே வேதிப்பொருளைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை எளிய கணக்கீடுகளின் துணையுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிக்கல், மின்முலாம், வீழ்படிவாக்கல், அணைவுச் சேர்மம், டைதயோகார்பமேட்டு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு

முன்னுரை

நிக்கல் துருவைத் தாங்கும் உலோகம். பளபளப்பும் கடினத்தன்மையும் தருவது. மிதிவண்டிப் பாகங்கள் முதல் நீரேற்றிகளின் உதிரிகள் வரை பலவற்றின்மீதும் இது முலாமாகப் பூசப்படுகிறது. இப்பணியைச் செய்யும் தொழிற்கூடங்களுள் பல, ஒரு சில தொட்டிகளையும் சில தொழிலாளர்களையும் மட்டுமே கொண்ட சிறு கூடங்கள். அவற்றின் கழிவுநீர் அளவில் குறைவாயினும் உலோகச் செறிவில் மிகுந்தது.

நிக்கல் உயிரியல் முறையில் சிதைவதில்லை. கரிமக் கழிவுகள் நுண்ணுயிர்களால் சிதைந்து மறையக்கூடும். உலோகமோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகருமேயன்றி அழியாது. நிக்கல் சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்னும் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. அவ்வகைப்பாடு முதன்மையாகச் சுவாசவழித் தாக்கத்தைச் சார்ந்தது. தோலில் தொடர்ந்து படும்போது நிக்கல் ஒவ்வாமை அழற்சியைத் தோற்றுவிப்பதும் நன்கறியப்பட்டது.

இந்தியாவில் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் ஆறாம் அட்டவணை, உள்நாட்டு நீர்நிலைகளிலும் பொதுக் கழிவுநீர்க் குழாய்களிலும் விடப்படும் நீரில் நிக்கல் லிட்டருக்கு 3 மி.கி.க்கு மிகக்கூடாது என வரையறுக்கிறது. அந்நீரின் பிஎச் மதிப்பு 5.5 முதல் 9.0 வரை இருத்தல் வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500: 2012) அனுமதிக்கும் நிக்கல் அளவோ லிட்டருக்கு 0.02 மி.கி. மட்டுமே. அதாவது, வெளியேற்ற வரம்பிற்கு உட்பட்ட நீர்கூடக் குடிநீர்த் தரத்தை எட்ட 150 மடங்கு நீர்த்தாக வேண்டும். கோயம்புத்தூர் வழியே செல்லும் நொய்யல் போன்ற பருவகால ஆறுகளில் கோடை மாதங்களில் அத்தகைய நீர்ப்பெருக்கை எதிர்பார்க்க இயலாது. எனவே நிக்கலைத் தொழிற்கூடத்தின் எல்லைக்குள்ளேயே நீக்குவது இன்றியமையாததாகிறது.

கழிவுநீரில் நிக்கல் சேரும் வழிகள்

நிக்கல் முலாம் இருவகைத் தொட்டிகளில் நிகழ்கிறது. முதல் வகை மின்சாரத்தால் இயங்கும் வாட்ஸ் தொட்டி. ஆலிவர் வாட்ஸ் 1916-ஆம் ஆண்டில் வெளியிட்ட இக்கலவையில் நிக்கல் சல்பேட்டு, நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் ஆகியன முதன்மையானவை. முலாம் பூசிய பொருளைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது அதன் மேற்பரப்பில் ஒட்டிவரும் கரைசல் அலசல் நீரில் கலக்கிறது. இவ்வலசல் நீரில் நிக்கல் பெரும்பாலும் நீர் மூலக்கூறுகள் மட்டுமே சூழ்ந்த எளிய ஈரிணைதிற அயனியாக உள்ளது.

இரண்டாம் வகை மின்சாரமின்றி வேதி ஒடுக்கத்தால் முலாம் பூசும் தொட்டி. அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தைச் சேர்ந்த அப்னர் பிரென்னர், கிரேஸ் ரிடெல் ஆகியோர் 1946-இல் இம்முறையை வெளியிட்டனர். இதில் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டு ஒடுக்கியாகச் செயற்படுகிறது. நிக்கல் உரிய இடத்தில் மட்டும் படியவும், கரைசலிலேயே வீழ்படிவாகிவிடாமல் இருக்கவும் சிட்ரேட்டு, லாக்டேட்டு போன்ற அணைவாக்கிகள் சேர்க்கப்படுகின்றன. இத்தொட்டியில் நிக்கல் பொதுவாக லிட்டருக்கு 6 கிராம் அளவில் பேணப்படுகிறது. வினையின் துணைவிளைபொருள்கள் மிகும்போது தொட்டிக் கரைசல் முழுவதையும் அகற்ற வேண்டியுள்ளது. நிக்கல் வீழ்படிவாகக் கூடாது என்பதற்கென்றே உருவாக்கப்பட்ட கரைசலிலிருந்து நிக்கலை வீழ்படிவாக்க வேண்டியிருப்பதே இக்கழிவின் அடிப்படைச் சிக்கலாகும்.

ஹைட்ராக்சைடு வீழ்படிவாக்கல்

எளிய நிக்கல் அயனியை நீக்கக் காரமே போதுமானது. காரம் தரும் ஹைட்ராக்சைடு அயனிகள் இரண்டு, ஒரு நிக்கல் அயனியுடன் இணைந்து பச்சை நிற நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படிகின்றன. ஒரு மி.கி. நிக்கலுக்குக் கோட்பாட்டளவில் 1.36 மி.கி. சோடியம் ஹைட்ராக்சைடு அல்லது 1.26 மி.கி. நீற்றிய சுண்ணாம்பு தேவை. கழிவுநீரில் உள்ள அமிலத்தை நடுநிலையாக்க ஆகும் காரம் இதற்குப் புறம்பானது.

இங்கு முடிவைத் தீர்மானிப்பது பிஎச் மதிப்பு. நிக்கல் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கத்தை 25 பாகை செல்சியசில் 5.5 × 10⁻¹⁶ எனக் கொண்டால், கரைந்த நிலையில் எஞ்சும் நிக்கலின் அளவு பின்வருமாறு அமையும்:

பிஎச் 8.0 எனில் லிட்டருக்கு ஏறத்தாழ 32 மி.கி.
பிஎச் 8.5 எனில் ஏறத்தாழ 3.2 மி.கி.
பிஎச் 9.0 எனில் ஏறத்தாழ 0.32 மி.கி.
பிஎச் 10.0 எனில் ஏறத்தாழ 0.003 மி.கி.

பிஎச் மதிப்பு ஓர் அலகு உயரும்போது எஞ்சும் நிக்கல் நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. இவை தூய நீருக்கான கோட்பாட்டு மதிப்புகள். நடைமுறையில் எஞ்சும் அளவு இவற்றைவிட மிகுதியாகவே இருக்கும். ஆயினும் இரு செய்திகள் இதனால் தெளிவாகின்றன. முதலாவது, வெளியேற்றத்திற்கு ஏற்ற பிஎச் 8 அளவிலேயே சுத்திகரிப்பையும் நிகழ்த்தினால் நிக்கல் வரம்பிற்குள் அடங்காது. இரண்டாவது, பிஎச் 10-ஐ ஒட்டிய நிலையில் வீழ்படிவாக்கிய பின்னர், அந்நீரை அமிலம் சேர்த்து 9-க்குக் கீழ்க் கொணர்ந்தே வெளியேற்ற வேண்டும். படிவை முற்றிலும் பிரித்தெடுக்கும் முன்னரே அமிலம் சேர்த்தால் நீரில் மிதக்கும் நிக்கல் ஹைட்ராக்சைடு மீண்டும் கரைந்துவிடும். ஆகவே வீழ்படிவாக்கல், படியவைத்தல், வடித்தல், நடுநிலையாக்கல் என்னும் வரிசை மாறலாகாது.

பல உலோகங்கள் கலந்த கழிவுநீரில் மற்றொரு சிக்கலும் எழுகிறது. மூவிணைதிறக் குரோமியம் பிஎச் 8-ஐ ஒட்டி நன்கு வீழ்படிவாகும். காரம் மிகும்போது மீண்டும் கரையத் தொடங்கும். நிக்கலுக்கு உகந்ததோ பிஎச் 10-ஐ ஒட்டிய நிலை. இரண்டையும் ஒரே தொட்டியில், ஒரே பிஎச் மதிப்பில் நீக்க முயலும்போது ஏதேனும் ஒன்று எஞ்சிவிடுகிறது.

படியாத நுண்துகள்கள்

நிக்கல் ஹைட்ராக்சைடு நீர்த்தன்மை மிகுந்த, எடை குறைந்த படிவு. துகள்கள் நுண்ணியவையாக இருப்பின் அவை தொட்டியின் அடியில் தங்காமல் நீருடன் வெளியேறும். அந்நீரை அமிலம் சேர்த்துப் பகுப்பாய்வு செய்யும்போது துகள்களும் கரைந்து, நிக்கல் மிகுதியாக இருப்பதாகவே முடிவு வரும். இந்நிலையில் மேலும் காரம் சேர்ப்பதால் பயனில்லை; நிக்கல் முன்பே வீழ்படிவாகிவிட்டது, தங்கவில்லை என்பதே உண்மை.

இதற்கு ஃபெரிக் குளோரைடு போன்ற திரட்டிகளும் பாலிஅக்ரிலமைடு வகைத் திரள் பல்லுறுப்பிகளும் உதவுகின்றன. ஃபெரிக் ஹைட்ராக்சைடு நுண்துகள்களைத் தன்னுடன் ஈர்த்துப் படியும். பல்லுறுப்பியின் நீண்ட மூலக்கூறுகள் சிறு துகள்களைப் பிணைத்துப் பெருந்திரள்களாக்கும். பல்லுறுப்பியைச் சேர்த்த பின் விரைந்து கலக்கினால் திரள்கள் உடைந்துவிடும். மெதுவாகக் கலக்குவதே முறை.

அணைவாக்கிகள் விளைக்கும் தடை

நிக்கல் அயனியைச் சுற்றிலும் ஈனிகள் எனப்படும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள் பிணையும்போது அணைவுச் சேர்மம் உருவாகிறது. சிட்ரேட்டு, டார்ட்ரேட்டு, அம்மோனியா, எத்திலீன் டைஅமீன் டெட்ரா அசிட்டிக் அமிலம் (இ.டி.டி.ஏ.) ஆகியன முலாம் தொழிலில் அடிக்கடி காணப்படும் ஈனிகள். இவற்றுள் இ.டி.டி.ஏ. நிக்கலை ஆறு முனைகளில் பற்றும் ஆற்றலுடையது; அவ்வணைவின் நிலைப்பு மாறிலி ஏறத்தாழ 10¹⁸·⁶ ஆகும். சிட்ரேட்டு அணைவின் மாறிலி 10⁵ அளவிலானது. ஆகவே அணைவுகள் அனைத்தும் ஒரே வலிமையுடையன அல்ல.

இவ்வலிமையின் விளைவை ஒரு கணக்கீட்டால் உணரலாம். ஒரு மூலக்கூறு இ.டி.டி.ஏ. ஒரு நிக்கல் அயனியைப் பற்றுகிறது. எடையளவில் 292 மி.கி. இ.டி.டி.ஏ., 58.7 மி.கி. நிக்கலைக் கரைசலிலேயே நிறுத்திவைக்கும். எனவே லிட்டருக்கு 3 மி.கி. நிக்கலைத் தக்கவைக்க ஏறத்தாழ 15 மி.கி. இ.டி.டி.ஏ. போதுமானது. பிஎச் 10-இல் நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படிவாகும் நிலையிலும் இவ்வணைவு உடைவதில்லை. தூய்மையாக்கும் கரைசல்கள் வழியாகச் சிறிதளவு இ.டி.டி.ஏ. கலந்தாலும் முழுக் கழிவுநீரும் வரம்பை மீறக்கூடும் என்பதையே இக்கணக்கு காட்டுகிறது. இங்குக் காரத்தின் அளவைப் பெருக்குவது செலவையும் கசடையும் பெருக்குமேயன்றி நிக்கலைக் குறைக்காது.

நிலையை அறியும் சோதனை

மேற்கூறிய மூன்று காரணங்களையும் வேறுபடுத்தியறிய எளிய ஜாடிச் சோதனை போதுமானது. எடுத்துக்காட்டாக, ஒரு சுத்திகரிப்பு அமைப்பிலிருந்து வெளியேறும் நீரில் நிக்கல் லிட்டருக்கு 8 மி.கி. இருப்பதாகக் கொள்வோம். அம்மாதிரியை இரு பகுதிகளாக்கி, ஒன்றை அப்படியேயும் மற்றதை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்தும் அணு உட்கவர் நிறமாலைமானியில் அளவிட வேண்டும். வடித்த நீரில் நிக்கல் மிகக் குறைந்திருப்பின் குறை படியவைத்தலில் உள்ளது. தேவைப்படுவது திரட்டியும் வடிப்பானும் ஆகும்.

வடித்த பின்னும் அளவு குறையாதிருப்பின், புதிய மாதிரியொன்றின் பிஎச் மதிப்பை 10.5-க்கு உயர்த்தி, படியவைத்து, வடித்து மீண்டும் அளவிட வேண்டும். இப்போது நிக்கல் வரம்பிற்குள் அடங்கினால் பிஎச் கட்டுப்பாட்டைச் சரிசெய்வதே தீர்வு. பிஎச் மின்முனையின் அளவுதிருத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். அப்போதும் குறையாத நிக்கலே அணைவாகப் பிணைந்த நிக்கல். அதற்கு மட்டுமே சிறப்பு வேதிப்பொருள்கள் தேவைப்படுகின்றன. நிக்கலுடன் சிவப்புப் படிவு தரும் டைமெத்தில்கிளையாக்சைம் சோதனையை மட்டும் நம்பியிருத்தல் இங்குப் பொருந்தாது, இ.டி.டி.ஏ. பற்றிய நிக்கல் அச்சோதனைக்கு அகப்படாமல் மறைந்துவிடக்கூடும்.

அணைவில் உள்ள நிக்கலை நீக்கும் வேதிப்பொருள்கள்

அணைவில் உள்ள நிக்கலை நீக்க நான்கு அணுகுமுறைகள் உள்ளன.

முதலாவது, இடமாற்றம். சிட்ரேட்டு, டார்ட்ரேட்டு போன்ற வலிமை குறைந்த ஈனிகளைக் கால்சியம் அயனிகள் தம்பால் ஈர்க்கும். சுண்ணாம்பை மிகுதியாகச் சேர்த்துப் பிஎச் மதிப்பை 11-க்கு மேல் உயர்த்தும்போது, விடுபட்ட நிக்கல் ஹைட்ராக்சைடாகப் படியலாம். சோடியம் ஹைட்ராக்சைடால் நீங்காத நிக்கல் சில வேளைகளில் சுண்ணாம்பால் நீங்குவதற்கு இதுவே காரணம். கால்சியம்–இ.டி.டி.ஏ. அணைவின் மாறிலி 10¹⁰·⁷ மட்டுமே என்பதால், இ.டி.டி.ஏ. உள்ள கழிவுநீரில் இம்முறையை நம்ப இயலாது.

இரண்டாவது, நிக்கலுடன் மேலும் உறுதியாகப் பிணையும் கந்தகச் சேர்மங்கள். நிக்கல் சல்பைடு ஹைட்ராக்சைடைவிடக் கரைதிறன் மிகக் குறைந்தது. எனினும் சோடியம் சல்பைடைப் பயன்படுத்தும்போது நீர் அமிலத்தன்மை அடைந்தால் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படும். பிஎச் 7-இல் கரைந்த சல்பைடில் ஏறத்தாழ பாதி அந்த வாயுவின் வடிவிலேயே இருக்கும். எனவே காரநிலையைப் பேணுதல் தொழிலாளர் பாதுகாப்பிற்கு இன்றியமையாதது. சல்பைடுப் படிவு மிக நுண்ணியது. இரும்பு உப்புகளின் துணையின்றி எளிதில் தங்காது. டைதயோகார்பமேட்டுகள் இவ்வகையின் கரிமச் சேர்மங்கள். சோடியம் டைமெத்தில்டைதயோகார்பமேட்டு இரு மூலக்கூறுகள் ஒரு நிக்கலைப் பற்றி நீரில் கரையாத படிவாகின்றன. ஒரு மி.கி. நிக்கலுக்கு ஏறத்தாழ 4.9 மி.கி. தேவை.

மூன்றாவது, ஈனியையே சிதைத்தல். 1894-இல் ஹென்றி ஃபென்டன் விவரித்த வினை இதன் அடிப்படை. பிஎச் 3-ஐ ஒட்டிய அமிலநிலையில் இரும்பு அயனியும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இணைந்து தோற்றுவிக்கும் ஹைட்ராக்சில் உறுப்புகள் கரிம ஈனிகளைத் தாக்கிச் சிதைக்கின்றன. பின்னர்ப் பிஎச் மதிப்பை உயர்த்தினால் விடுபட்ட நிக்கல் வழக்கம்போல் வீழ்படிவாகும். ஹைப்போபாஸ்பைட்டும் பாஸ்பேட்டாக மாறிக் கால்சியத்துடன் படியத்தக்க நிலையை அடையும் என்பது இம்முறையின் கூடுதல் பயன். வேதிப்பொருள் செலவும் இரும்புக் கசடும் இதன் குறைகள்.

நான்காவது, ஒடுக்கம். சோடியம் போரோஹைட்ரைடு காரநிலையில் நிக்கல் அயனியை உலோகநிலைக்கு ஒடுக்குகிறது. கோட்பாட்டளவில் ஒரு மூலக்கூறு நான்கு நிக்கல் அயனிகளை ஒடுக்கவல்லது. செறிவு மிகுந்த, அளவு குறைந்த பழைய தொட்டிக் கரைசல்களுக்கு இது ஏற்றது. வினையின்போது ஹைட்ரஜன் வெளிப்படுவதால் காற்றோட்டம் தேவை.

மிகைப் பயன்பாட்டின் தீங்கு

எவ்வகை நிக்கலாயினும் டைதயோகார்பமேட்டைத் தாராளமாகச் சேர்த்தால் அளவு குறைந்துவிடும் என்னும் எண்ணம் தொழிற்கூடங்களில் எழுவது இயல்பு. ஆனால் இவ்வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த தைரம், சைரம், மான்கோசெப் ஆகியன பூஞ்சைக்கொல்லிகள் என்பதை மறந்துவிடலாகாது. நிக்கலுடன் பிணையாமல் எஞ்சும் பகுதி நீர்வாழ் உயிர்களுக்கும், உயிரியல் சுத்திகரிப்பில் பணிபுரியும் நுண்ணுயிர்களுக்கும் நஞ்சாகிறது. அமிலநிலையில் அது சிதைந்து கார்பன் டைசல்பைடை வெளிவிடும்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1999 டிசம்பரில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும். ஆண்டர்சன் நகரின் வாகன விளக்குத் தொழிற்சாலை ஒன்று, முலாம் பிரிவின் கழிவுநீரிலிருந்து உலோகங்களை நீக்கச் சோடியம் டைமெத்தில்டைதயோகார்பமேட்டு அடங்கிய வேதிப்பொருளைப் பயன்படுத்தியது. அக்கழிவுநீர் நகரச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஒயிட் ஆற்றை அடைந்தது. ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிற்கு மீன்கள் மடிந்தன; இறந்த மீன்களின் எடை நூறு டன்னுக்கும் மேல். ஆற்றைக் காக்கச் சேர்க்கப்பட்ட பொருளே ஆற்றிற்குக் கேடானது.

இதனால் டைதயோகார்பமேட்டைக் கைவிட வேண்டும் என்பது பொருளன்று. அதன் இடத்தை அறிந்து பயன்படுத்த வேண்டும். காரத்தால் நீங்கக்கூடிய நிக்கலை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சிய அளவை அளந்து, அதற்கேற்பவே சேர்த்தல் முறை. லிட்டருக்கு 60 மி.கி. நிக்கல் கொண்ட நீரில் முதலிலேயே சேர்த்தால் ஏறத்தாழ 293 மி.கி. தேவைப்படும். காரத்தால் 5 மி.கி. ஆகக் குறைத்த பின் சேர்த்தால் ஏறத்தாழ 24 மி.கி. போதும். செலவும் நச்சு எச்சமும் ஒருங்கே குறைகின்றன.

கழிவுநீர் ஓடைகளைப் பிரித்தல்

வேதிப்பொருள் தேர்வுக்கு முற்பட்ட படிநிலை, கழிவுநீர் ஓடைகளைத் தனித்தனியே திரட்டுதல். 100 லிட்டர் பழைய வேதிமுலாம் கரைசலில் 600 கிராம் நிக்கல் உள்ளது. அதை 10,000 லிட்டர் அலசல் நீரில் கலந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 59 மி.கி. நிக்கல் சேரும், அதனுடன் அணைவாக்கிகளும் பரவும். காரத்தால் மட்டுமே எளிதில் தூய்மையாகியிருக்கக்கூடிய 10,000 லிட்டரும் அதன்பின் சிறப்புச் சுத்திகரிப்பை வேண்டி நிற்கும். தனியே வைத்திருந்தால் கையாள வேண்டியது 100 லிட்டர் மட்டுமே.

சயனைடு கொண்ட கழிவுநீருடன் நிக்கல் கழிவுநீரைக் கலப்பது மேலும் தீங்கானது. நிக்கல் சயனைடு அணைவு மிக உறுதியானது. வழக்கமான காரக் குளோரினேற்றத்தில் எளிதில் சிதையாது. நிக்கல் தொட்டியின் அமிலக் கழிவு சயனைடுடன் சேரும்போது உயிருக்கு ஆபத்தான ஹைட்ரஜன் சயனைடு வாயுவும் உருவாகக்கூடும்.

கசடு மேலாண்மை

வீழ்படிவாக்கல் நிக்கலை அழிப்பதில்லை. நீரிலிருந்து கசடிற்கு மாற்றுகிறது. ஒரு மி.கி. நிக்கல் 1.58 மி.கி. ஹைட்ராக்சைடாகிறது. சல்பேட்டுச் செறிவு மிகுந்த நீரில் சுண்ணாம்பைப் பயன்படுத்தினால் ஜிப்சமும் உடன் படிந்து கசடின் அளவு பெருகும். சோடியம் ஹைட்ராக்சைடு விலை மிகுந்ததாயினும் அது தரும் கசடு குறைவு. நிக்கல் செறிவும் அதில் மிகுதி. நிக்கல் ஓடையைத் தனியே வீழ்படிவாக்கினால், அக்கசடைக் கந்தக அமிலத்தில் கரைத்து நிக்கல் சல்பேட்டாக மீட்கும் வாய்ப்பு உண்டு. இரும்பு, குரோமியம், ஜிப்சம் ஆகியவற்றுடன் கலந்த கசடில் அவ்வாய்ப்பு பெரிதும் குறைகிறது. இக்கசடு இடர்மிகு கழிவாதலால் திறந்தவெளியில் குவித்தல் கூடாது. மழைநீரின் அமிலத்தன்மை நிக்கலை மீண்டும் மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் கொண்டுசெல்லும்.

முடிவுரை

நிக்கல் நீக்கத்தில் ‘எவ்வளவு வேதிப்பொருள்’ என்னும் வினாவிற்கு முன்னர் ‘எந்நிலையில் உள்ள நிக்கல்’ என்னும் வினா எழுப்பப்பட வேண்டும். எளிய அயனிக்குப் பிஎச் கட்டுப்பாடும், நுண்துகளுக்குத் திரட்டியும் வடிப்பும், வலிமை குறைந்த அணைவுக்குச் சுண்ணாம்பும், வலிமை மிகுந்த அணைவுக்கு ஈனிச் சிதைவோ அளவறிந்த கந்தகச் சேர்மமோ உரியன. இவ்வேறுபாட்டைக் காட்ட ஒரு வடிதாளும் பிஎச் மானியும் உலோகப் பகுப்பாய்வு வசதியும் போதும். பகுப்பாய்வுக் கருவியை வாங்க இயலாத சிறு கூடங்களுக்கு அருகமைக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்கள் இச்சோதனையைச் செய்துதர இயலும். ஓடைகளைப் பிரித்தலும் நிலையறிந்து வேதிப்பொருளைத் தேர்தலும் இணையும்போதே வரம்பிற்குட்பட்ட நீரும், நஞ்சற்ற வெளியேற்றமும், மீட்கத்தக்க கசடும் ஒருசேரக் கிட்டும்.